தண்ணிப் பையை ஆங்கரா வச்சு கேன்யன்ல இறங்குறது, இறங்கினப்புறம் அதைக் கீழ இழுத்துக்கிறது: முழு வழிகாட்டி

யூட்டால நார்த் வாஷ், ராபர்ஸ் ரூஸ்ட், எஸ்கலான்டே பக்கம் ஸ்லாட் கேன்யனுக்குள்ள (குறுகலான பாறை இடுக்கு) போயிருக்கீங்கன்னா இந்த மாதிரி இடம் ஒண்ணாவது பாத்திருப்பீங்க. ரெண்டு பக்கமும் செவப்பு மணற்பாறைச் சுவர், காலடியில மொட்டைப் பாறை, முன்னாடி எட்டு மீட்டர் இறக்கம், கயிறு கட்ட ஒரு மரம் இல்ல, உருண்டைக் கல்லு இல்ல, விரல் நுழையிற வெடிப்புகூட இல்ல, ஆனா பின்னாடி பத்தடி தள்ளி ஒரு சுனை நெறைய மழைத்தண்ணி கெடக்கும். அந்தத் தண்ணியவே ஒரு பையில மொண்டு ஊத்தி, அந்தப் பையில கயிறைக் கட்டி இறங்கி, எல்லாரும் கீழ போனப்புறம் இன்னொரு கயிறை இழுத்து பையைக் கவுத்து தண்ணியக் கொட்டிட்டு வெறும் பையைக் கீழ எடுத்துக்கிறது, இதுதான் வாட்டர் ஆங்கர். ஆங்கர்னா கயிறைக் கட்டி எடையைத் தாங்க வைக்கிற பிடிமானம்.

ஏன் இவ்ளோ மெனக்கெடணும், பாறையில ஒரு போல்ட் அடிச்சா முடிஞ்சிடுமேன்னு நிறைய பேர் கேப்பாங்க. அந்த ஊர் நவாஹோ மணற்பாறை ரொம்ப மிருதுவானது, அடிச்ச ஓட்டை அங்கேயே இருக்கும், போல்ட் துருப்பிடிக்கும், வெப்பிங் (தட்டையான நாடா) சுத்தி வச்சா வெயில்ல வெளுத்துப்போய் குப்பையாத் தொங்கும், அதை நம்பி அடுத்தவன் இறங்குவான். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பார்க்ல பாறையில விட்டுட்டு வர்ற வெப்பிங் பாறை நிறத்துலதான் இருக்கணும்னே விதி இருக்கு. அதனால கேன்யன் போறவங்கள்ல ஒரு பெரிய கூட்டம் எதையுமே விட்டுட்டு வரக்கூடாதுங்கிற பழக்கத்துக்கு வந்தாச்சு, அதுக்குப் பேரு கோஸ்ட்டிங். வந்த தடமே தெரியாமப் போறது. எனக்கு இந்தப் பழக்கம் மேல ரொம்ப மரியாதை உண்டு, ஆனா இதுக்காக உசுரைப் பணயம் வைக்கிறதுல ஒரு துளி மரியாதையும் இல்ல, ரெண்டையும் இப்பவே சொல்லிடறேன்.

ஒரு விஷயம் கண்டிப்பா. இதைப் படிச்சிட்டு நேரா கேன்யனுக்குப் போய் செஞ்சு பாக்காதீங்க. சாதா ராப்பல், அதாவது கயிறுல சறுக்கி இறங்குறது, கண்ண மூடிட்டு செய்யத் தெரியணும், மீட் ஆங்கர், அதாவது ஆளே ஆங்கரா உக்காருறது, அது தெரியணும், கயிறுல மாட்டிக்கிட்டா புருசிக் (கயிறைக் கவ்விப் பிடிக்கிற ஒரு முடிச்சு) போட்டு தானே மேல ஏறி விடுபடத் தெரியணும். தெரிஞ்ச ஒருத்தர்கூட நின்னு ரெண்டு மூணு நாள் பழகிட்டுத்தான் இது.

எடை எவ்ளோங்கிறது மட்டும் கணக்கில்ல

புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரே கணக்குதான் போடுவாங்க: நான் 75 கிலோ, பையில 80 லிட்டர் ஊத்தினா 80 கிலோ, அப்ப தாங்கும். தப்பு. தராசுல ரெண்டு தட்டு மாதிரி இது வேலை செய்யல. பை படுத்துக் கெடக்குது, நீங்க அதைப் பக்கவாட்டுல இழுக்குறீங்க, அது நகராம இருக்கிறதுக்குக் காரணம் பைக்கும் பாறைக்கும் நடுவுல இருக்கிற உராய்வு மட்டும்தான். உராய்வு எண் 0.5னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கோங்க (உங்க பை, உங்க பாறைக்கு அது கூடவோ கொறையவோ இருக்கும்), 60 லிட்டர் பை சமதளத்துல 30 கிலோ இழுப்பை மட்டும்தான் தாங்கும்.

அப்ப ஆளு எப்படி இறங்குறான்? விளிம்புதான் காப்பாத்துது. கயிறு பாறை விளிம்புல மடங்கிக் கீழ போகுதுல்ல, அந்த மடிப்புல உராய்வு பாதியைத் தின்னுடும். செங்குத்தா 90 டிகிரி மடிப்பு, கயிறுக்கும் பாறைக்கும் உராய்வு எண் 0.5னா, 80 கிலோ ஆளு தொங்கினா பைக்கு வந்து சேர்றது ஏறக்குறைய 36 கிலோ. அதே விளிம்பு வழவழன்னு இருந்து உராய்வு 0.3தான்னா 50 கிலோ வந்து சேரும். இப்ப மேல போட்ட கணக்கோட சேத்துப் பாருங்க, 60 லிட்டர் பை 30 கிலோதான் தாங்கும்னா ரெண்டு நிலைமைலயும் அது நகந்துடும்! அதனாலதான் "போன தடவை 60 லிட்டர்ல இறங்கினோம், ஒண்ணும் ஆகல"ன்னு யாராவது சொன்னா நான் அடுத்து கேக்குறது பாறை எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு, விளிம்பு எப்படி இருந்துச்சு, செங்குத்தா சரிவான்னுதான்.

சாய்வு எவ்ளோ முக்கியம்னா, அதே பை, அதே பாறை, இறக்கத்தைப் பாத்து 10 டிகிரி சாஞ்சிருந்தா தாங்கு திறன் 30லேந்து 19 கிலோவுக்கு இறங்கிடும். பின்பக்கமா 10 டிகிரி சாஞ்சிருந்தா 40 கிலோவுக்கு ஏறிடும். ரெண்டு மடங்கு வித்தியாசம், ஒரு சொட்டு தண்ணி கூட ஊத்தாமலே. இன்னும் ஒரு வாளி ஊத்துறதை விட நல்ல இடம் பாத்து வைக்கிறதுதான் பெரிய வேலை, கீழ சொல்லப்போற ஒவ்வொரு படியும் இந்த ஒரே கணக்குலேந்து வர்றதுதான்.

எப்ப மணல், எப்ப தண்ணி

மணல் கிடைக்கிற இடத்துல மணல்தான் நல்லது, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. காஞ்ச மணல் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல இருக்கும், ஒழுகாது, குலுங்காது. இம்லே கேன்யன் கியர் கம்பெனியோட சேண்ட்ராப் மாதிரி மணல் ஆங்கர்கள் அப்படி வந்ததுதான். ஆனா மணலை ஓடைப் படுகைலேந்து மட்டும்தான் அள்ளணும், மேட்டுல கறுப்பா மொறுமொறுன்னு பொருக்கு கட்டின உயிர் மண்ணை ஒரு கைப்பிடி கூட தொடக்கூடாது, அது வளர பல வருஷம் ஆகும். தண்ணி எப்பன்னா, சுத்தி மணலே இல்லாம மொட்டைப் பாறையும் சுனையும் மட்டும் இருக்கிற இடத்துல. அந்த மாதிரி நீச்சலடிச்சுப் போற கேன்யன்ல தண்ணிதான் கைக்கு எட்டுற ஒரே எடை.

இதைத் தொடவே கூடாத நேரமும் உண்டு. நல்ல கல்லு, மரம், இல்ல ஏற்கனவே சரியான போல்ட் இருந்தா அதையே உபயோகிங்க. பாறை முழுக்க இறக்கத்தைப் பாத்து சரிஞ்சிருந்தா வேண்டாம். பாசி படிஞ்ச ஈரப்பாறைன்னா வேண்டாம். கடைசியா இறங்குற ஆளு குழுவுலயே கனமான ஆளுன்னா வேண்டாம், ஏன்னு பின்னாடி வருது. சுவரைத் தொடாம அந்தரத்துல தொங்குற இறக்கமும் நான் இதுல செய்யமாட்டேன், காலை ஊன்ற சுவர் இருந்தா எடையில ஒரு பங்கை கால் வாங்கிக்கும், அந்தரத்துல முழு எடையும் கயிறுக்குத்தான்.

பையும் கயிறும்

ஊர்ல கமலை ஏத்தம் பாத்தவங்களுக்கு இது ஒரே நிமிஷத்துல புரிஞ்சிடும். கமலையில ரெண்டு கயிறு இருக்கும், தடியா இருக்கிற வடம் எடையைத் தூக்கும், மெல்லிசா இருக்கிற வால்கயிறு தோல் பையோட வாலைத் தூக்கிப் பிடிச்சிருக்கும், மேல வந்ததும் வால் திறந்து தண்ணி தானா கொட்டும். எடை தாங்குற கயிறு ஒண்ணு, தண்ணியக் கொட்ட வைக்கிற கயிறு இன்னொண்ணு. வாட்டர் ஆங்கரும் அச்சு அசல் அதே யோசனைதான், இங்க பை கிணத்துல தொங்காம பாறை மேல படுத்திருக்கு, அவ்ளோதான்.

பையோட அமைப்பு கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஆனா அடிப்படை ஒண்ணு. தடிமனான பூச்சு போட்ட துணி, அகலமான வாய். முன்பக்கம், அதாவது இறக்கத்தைப் பாத்த பக்கம், அடிமட்டத்துல தைச்ச வார்கள், எல்லாம் ஒரு வளையத்துல வந்து சேரும், அங்கதான் ராப்பல் கயிறு. பின்பக்கம் அடியில வேற வார்கள், அதுல இழுகயிறு, அது பைக்கு மேல தாண்டி முன்னாடி வரும். இழுகயிறை இழுத்தா பின்பக்க அடி மேல தூக்கி முன்னாடி கவுந்து வாய் வழியா தண்ணி போயிடும். வாயை முடிச்சுப் போட்டுக் கட்டிட்டீங்கன்னா கவுந்தாலும் தண்ணி வெளிய வராது, அத்தனை எடையும் அப்படியே மேல ஒக்காந்துக்கும், நீங்க கீழ நின்னு பாத்துட்டே இருக்க வேண்டியதுதான். வாயை மடிச்சு விடலாம், பூட்டக்கூடாது. உங்க பைக்கு தயாரிச்சவங்க குடுத்த குறிப்பு நான் சொல்றதுலேந்து மாறுச்சுன்னா அவங்க சொல்றதையே கேளுங்க. வீட்டுல தார்ப்பாய் வெட்டி தைச்சுக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு, தையல் பிரியறது எப்பவும் கடைசி ஆளு கயிறுல இருக்கும்போதுதான் தெரிய வரும், வேண்டாம்.

ராப்பல் கயிறு 8 லேந்து 9 மில்லிமீட்டர் ஸ்டாட்டிக், அதாவது எடை போட்டா அதிகம் நீளாத கயிறு. டைனமிக் கயிறு ரப்பர் மாதிரி ஆடும், ஒவ்வொரு ஆட்டமும் பைய ஒரு இழுப்பு இழுக்கும். இழுகயிறு 6 மில்லிமீட்டர் போதும், ஆனா ராப்பல் கயிறுலேந்து தூரத்துல பாத்தாலே வித்தியாசம் தெரியிற கலரா இருக்கணும். இதுல விளையாடாதீங்க. ரெண்டு கயிறும் விளிம்புல பக்கத்து பக்கத்துல தொங்கும், அசதியில யாராவது இழுகயிறுல இறங்குற டிவைஸை மாட்டிட்டு சாஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா. நீளம் கணக்கு பண்ணும்போது இறக்கத்தோட சேத்து பை விளிம்புலேந்து எவ்ளோ தள்ளி இருக்கோ அதையும் கூட்டுங்க, 8 மீட்டர் இறக்கம், 4 மீட்டர் தள்ளி பைன்னா முடிச்சோட சேத்து 15 மீட்டர் வேணும், ரெண்டு கயிறும். இது தவிர மடக்கு வாளி ஒண்ணு, சின்ன பிரஷ் ஒண்ணு, பூட்டுற காரபினர்கள் (உலோகக் கொக்கி வளையம்), எல்லார் தலைலயும் ஹெல்மெட்.

முதல் வேலை, வானம்

கிளம்பறதுக்கு முன்னாடியே முடிக்க வேண்டியது இது. சுனையில தண்ணி இருக்குன்னா அந்த வழியா வெள்ளம் வந்திருக்குன்னு அர்த்தம். 2015 செப்டம்பர் 14 அன்னிக்கு ஸயான் பார்க்ல கீஹோல் கேன்யனுக்குள்ள போன ஏழு பேரும் திடீர் வெள்ளத்துல இறந்துட்டாங்க. 1997 ஆகஸ்ட்ல அரிசோனால ஆன்டிலோப் கேன்யன்ல 11 பேர். அங்க மழை பெஞ்சது மைல் கணக்குல தள்ளி. பை ரொப்பி, சோதிச்சு, ஒவ்வொருத்தரா இறங்கறதுக்கு ஒரு இடத்துல முக்கால் மணி நேரம் சாதாரணமா போயிடும், போல்ட்ல பத்து நிமிஷத்துல முடியிற வேலை. அந்தக் கூடுதல் நேரம் முழுக்க நீங்க வெள்ளம் வர்ற பாதையில நிக்கிறீங்க. நீர்ப்பிடிப்பு ஏரியா முழுக்க மழை வாய்ப்பு இல்லாத நாள்ல மட்டும்தான் இது.

இடம் பாக்குறது

மொதல்ல பாறையோட சாய்வு. கண்ணு ஏமாத்தும், சுவர் சாஞ்சிருந்தா தரை சமமா தெரியும், அதனால கொஞ்சம் தண்ணி ஊத்தி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க, பை வைக்கப்போற எடத்துல இல்ல, பக்கத்துல. தண்ணி இறக்கத்தை விட்டுப் பின்னாடி ஓடுச்சுன்னா அருமை. சின்னதா ஒரு பள்ளம், முன்னாடி ஒரு விரக்கடை உசரத்துக்கு ஒரு வரப்பு மாதிரி மேடு இருந்தா இன்னும் நல்லது, பை நகரணும்னா அந்த வரப்பு மேல ஏறி வரணும். ஆனா வரப்பு ஒரு சாண் உசரம் இருந்தா வெறும் பை அதுல மாட்டிக்கும், கீழேந்து இழுத்தா வராது. நகராம இருக்கிறதும் திரும்ப வர்றதும் ஒண்ணுக்கொண்ணு எதிரி, எப்பவும் ரெண்டையும் சேத்தே பாக்கணும்.

விளிம்புலேந்து எவ்ளோ தூரம்னா, நான் மூணு நாலு மீட்டர் விடுவேன். சமப்பாறை மேல கயிறு நீளமாக் கெடக்கிறதால உராய்வு பெருசா கூடிடாது, மடிப்பு இருக்கிற எடத்துலதான் உராய்வு சேரும், இதைத் தப்பாப் புரிஞ்சிக்கிறவங்க நிறைய. தூரம் எதுக்குன்னா பை மெல்ல நகர ஆரம்பிச்சா பாத்து கத்தறதுக்கு நேரம் கிடைக்கும். ரொம்ப தூரம் போனாலும் ஆகாது, இழுக்கும்போது கயிறு பாறையை அறுத்து கோடு போடும், மணற்பாறையில அந்தத் தடம் நெரந்தரம். பழைய கேன்யன் விளிம்புகள்ல கயிறு அறுத்த பள்ளங்களைப் பாத்தீங்கன்னா மனசு கஷ்டமா இருக்கும்.

அப்புறம் பிரஷ். பை வைக்கிற எடத்தை சுத்தமா பெருக்கிடுங்க. இது எனக்கு அனுபவத்துல வந்த பாடம். தரை மட்டத்துல, அரை ஆள் உசரம் கூட இல்லாத ஒரு மேட்டுல பழகிட்டு இருந்தோம், நல்லா ரொப்பின பை, நல்ல சமதளம், ஒரே ஒரு ஆள் மெதுவா சாஞ்சான், பை சத்தமே இல்லாம ஒரு முழம் வழுக்கிட்டு வந்துடுச்சு. தூக்கிப் பாத்தா அடியில பொடி மணல் ஒரு படலம், ஒவ்வொரு மணலும் பேரிங் குண்டு மாதிரி உருண்டிருக்கு. பெருக்கிட்டு அதே இடத்துல அதே பையை வச்சோம், ரெண்டு பேர் இழுத்தும் அசையல. அன்னிலேந்து பிரஷ் இல்லாம நான் போறதில்ல.

ஈரமும் அதே மாதிரிதான். மொண்டு கொண்டு வர்ற வழியில ஒழுகி பை அடி நனைஞ்சா அது வேற பாறை, நீங்க சோதிச்ச பாறை இல்ல. மணற்பாறை நனைஞ்சா அதோட பலமே கொறையும், அதனாலதான் அந்தப் பக்கம் மழை பெஞ்சு ரெண்டு மூணு நாள் ஏறாதீங்கன்னு சொல்லுவாங்க. பையை மொதல்ல காஞ்ச எடத்துல விரிச்சு வச்சிடுங்க, அதுக்கப்புறம்தான் வாளி.

ரொப்புறது

சுனை எதுலேந்து மொள்றதுங்கிறதுல யோசனை வேணும். அந்தத் தண்ணி வெறும் தண்ணி இல்ல, ஃபேரி ஷ்ரிம்ப், டாட்போல் ஷ்ரிம்ப்னு சின்னச் சின்ன உயிர்கள் அதுல வாழுது, குழி காஞ்சா முட்டையா மண்ணுல காத்துக் கெடந்து அடுத்த மழைக்குப் பொரிச்சு சில வாரத்துல வாழ்ந்து முடிச்சிடும். முழங்கால் அளவு சின்ன குழியக் காலி பண்ணீங்கன்னா அதுங்களோட மொத்த உலகமும் போச்சு. அதனால பெரிய, ஆழமான சுனைலேந்து, அதுவும் நாம எப்படியும் இறங்கி நடந்து வந்ததுலேந்தே எடுங்க, தண்ணி மட்டம் கண்ணுக்குத் தெரியிற அளவு கொறையும்னா அந்த சுனையில கை வைக்காதீங்க. பெரிய சுனை இல்லன்னா அன்னிக்கு தண்ணி ஆங்கர் இல்ல, அவ்ளோதான்.

பத்து லிட்டர் வாளின்னா பத்துப் பன்னெண்டு நடை. கை மாத்தி கை மாத்திக் குடுங்க. பையை விளிம்பு வரைக்கும் பிதுங்கப் பிதுங்க ரொப்பக்கூடாது, உருண்டையா ஆயிடும், உருண்டை உருளும். முக்கால் பங்கு ரொப்பினா இட்லி மாவு மாதிரி பரவி பாறையோட மேடு பள்ளத்துல ஒக்காந்துக்கும். பாதிக்குக் கீழ இருந்தாலும் ஆபத்து, தண்ணி முன்னும் பின்னும் அலம்பும், ஒவ்வொரு அலம்பலும் ஒரு தள்ளு. எடை பத்தலன்னா பெரிய பை கொண்டு வாங்க, உள்ள கல்லைப் போடாதீங்க, பை கவுரும்போது அந்தக் கல்லு உங்க தலைக்குத்தான் வரும்.

ரொப்பினப்புறம் பத்து நிமிஷம் சும்மா விடுங்க. சாப்பிடுங்க, தண்ணி குடிங்க. பையைச் சுத்தி பாறை காஞ்சே இருக்கா, தண்ணி மட்டம் அதே கோட்டுல இருக்கான்னு பாருங்க. மணல் ஆங்கருக்கு இல்லாத கவலை இது, ஊசி ஓட்டை ஒண்ணு போதும், நாலு பேர் இறங்கறதுக்குள்ள பத்து லிட்டர் போயிடும், அதோட ஒழுகின தண்ணி அடியில போய் உராய்வையும் கொறைக்கும், அதாவது ஒரே ஓட்டையில ரெண்டு நஷ்டம். ஒழுகுச்சுன்னா ஒட்டுப் போடலாம்னு யோசிக்காதீங்க, வேற வழி பாருங்க.

கயிறு கட்டுறது

ராப்பல் கயிறுல 8 வடிவ முடிச்சு ஒண்ணு போட்டு பூட்டுற காரபினர்ல மாட்டி முன்வளையத்துல போடுங்க. வார்கள் எல்லாம் சமமா இழுபடுதான்னு பாருங்க, ஒண்ணு தொளதொளன்னு இருந்தா பை ஒரு பக்கம் திரும்பி இழுபடும். கயிறு பையிலேந்து பாறையை ஒட்டியே போகணும், எங்கயும் மேல எழும்பக்கூடாது. மேல எழும்புச்சுன்னா இழுப்புல ஒரு பங்கு பையைத் தூக்கப் பாக்கும், தூக்கின அளவுக்கு எடை கொறையும், எடை கொறைஞ்ச அளவுக்கு உராய்வு கொறையும்.

இழுகயிறை பின் வார்ல கட்டி பைக்கு நேர் நடுவுல மேல கொண்டு வந்து, முன்னாடி ஒரு ரெண்டு மீட்டர் தொளதொளன்னு வளையம் வளையமா விட்டு, ராப்பல் கயிறுக்கு ஒரு பக்கமா ஒரு அடி தள்ளிப் போடுங்க. ரெண்டும் குறுக்க வரவே கூடாது. கடைசி ஆளுக்கு முன்னாடி எல்லாரும் இறங்குற வரைக்கும் இழுகயிறு கீழ தொங்க வேண்டாம், கயிறுப் பையிலயே மேல இருக்கட்டும், யாரோட காலோ பேக்கோ மாட்டி இழுத்தா தண்ணி கொட்டிடும்.

சோதனை

யாரும் விளிம்பைத் தாண்டறதுக்கு முன்னாடி, விளிம்புக்கு இந்தப் பக்கமே, வேற ஆளோட கட்டிப் பாதுகாப்பா நின்னுட்டு, ரெண்டு பேர் ராப்பல் கயிறைப் பிடிச்சு இடுப்பைத் தாழ்த்தி பாறையை ஒட்டி இழுங்க. மெதுவா ஆரம்பிச்சு முழு பலத்துக்குப் போங்க. இதுல விளிம்போட உதவி இல்ல, அதனால நிஜ ராப்பலை விட கடுமையான சோதனைதான். இழுக்கறதுக்கு முன்னாடி பையோட முன் ஓரத்துல ஒரு சின்ன கூழாங்கல்லை ஒட்டினாப்புல வச்சிடுங்க, பை ஒரு நூல் அளவு நகந்தாலும் கல்லு சொல்லிடும். நகந்துச்சுன்னா சமாதானம் சொல்லிக்காதீங்க, கொஞ்சம் நகந்து "செட்" ஆயிடுச்சுன்னு சொல்றதை நான் பல தடவ கேட்டிருக்கேன், இன்னொரு தடவை அதே பலத்துல இழுத்து அசையாம நின்னாத்தான் அது செட் ஆனது.

அடுத்து மீட் ஆங்கர். ஒரு ஆள் பைக்குப் பின்னாடி நல்ல குழியா பாத்து உக்காந்து, காலை எதுலயாவது ஊன்றி, தன் ஹார்னஸ்லேந்து (இடுப்புல மாட்டுற வார்) ராப்பல் கயிறுக்கு ஒரு இணைப்பு போட்டுக்கணும், ஆனா ஒரு கையகலம் தொளதொளப்பு விட்டு. எடை முழுக்க பை மேல போகணும், பை வழுக்கினா மட்டும் ஆளு பிடிக்கணும். தொளதொளப்பு இல்லாம இறுக்கிக் கட்டிட்டா ஆளுதான் எடையைத் தாங்குவான், பை தாங்குதா இல்லையான்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது, கடைசில அந்த ஆளு எழுந்து இறங்கும்போதுதான் தெரியும்.

வரிசை எப்பவும் கனமான ஆளு முதல்ல, லேசான ஆளு கடைசில. முதல் ஆளோட பேக்கையும் சேத்தே கனமா அனுப்புங்க. ஒவ்வொருத்தர் இறங்கும்போதும் மேல இருக்கிறவர் பார்வை கூழாங்கல் மேலதான், பேச்சுகூட வேண்டாம். கடைசி ஆளுக்கு முதுகுக்குப் பின்னாடி யாரும் இல்ல, அவருக்கு இருக்கிற ஒரே உத்தரவாதம், தன்னை விட கனமான எல்லாரும் அசையாம இறங்கியிருக்காங்கங்கிறதுதான். அதனாலதான் கனமான ஆளு கடைசின்னா வேண்டாம்னு மொதல்லயே சொன்னேன். அவரோட பேக்கையும் முன்னாடியே கயிறுல கட்டி இறக்கிடுங்க.

இறங்குற விதம்

விளிம்பைத் தாண்டுற அந்த அஞ்சு செகண்ட்லதான் எல்லா தப்பும் நடக்குது. நின்னுக்கிட்டே பின்னாடி சாஞ்சா கயிறு இடுப்பு உசரத்துக்குத் தூக்கும், விளிம்போட மடிப்பே இருக்காது, முழு இழுப்பும் மேல்நோக்கிப் பைக்குப் போகும். உக்காந்து, விளிம்புல ஒரு பக்கமா இடுப்பை வழுக்க விட்டு, கயிறு பாறையை ஒட்டினபடியே மெல்ல எடையை மாத்துங்க. அவசரமே வேண்டாம். அதுக்கப்புறம் ஒரே சீரா, குதிக்காம, நிறுத்தி நிறுத்திப் பிரேக் போடாம இறங்குங்க. எடையைத் திடீர்னு கயிறு மேல போட்டா இழுப்பு எடையோட ரெண்டு மடங்கு வரைக்கும் போகும், சினிமால வர்ற மாதிரி சுவரை உதைச்சு உதைச்சு இறங்குறவங்க இந்த ஆங்கர் பக்கமே வரவேண்டாம்.

தலைமுடியைக் கட்டுங்க, சட்டையை உள்ள விடுங்க, ஹார்னஸ்ல எதுவும் தொங்கக்கூடாது. டிவைஸ்ல எதாவது மாட்டிட்டு பாதியில நின்னா, இன்னொரு ஆள் அதே கயிறுல இறங்கி வந்து காப்பாத்த முடியாது, ரெண்டு பேர் எடையை இந்த ஆங்கர் தாங்கும்னு யாரும் சோதிக்கல. மாட்டினவங்க தானே புருசிக் போட்டு விடுபடணும், அதையும் மெதுவா.

கடைசி ஆளு இறங்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது: கூழாங்கல் அதே எடத்துல இருக்கான்னு பாக்கணும், தண்ணி மட்டம் பாக்கணும், பையோட வாய் பூட்டாம இருக்கான்னு பாக்கணும், இழுகயிறு முறுக்கில்லாம நேரா முன்னாடி வருதா, விளிம்புல வெடிப்பு எதுலயும் சிக்காதா, இதெல்லாம் பாத்துட்டு இழுகயிறுப் பையை இடுப்புல மாட்டிக்கிட்டு, தான் போகப் போக அதுவா உருவி வர்ற மாதிரி தொளதொளப்பா விட்டுக்கிட்டே இறங்கணும். முன்னாடி விட்ட அந்த ரெண்டு மீட்டர் வளையம் கலையவே கூடாது. கீழ இருக்கிறவங்க ராப்பல் கயிறைத் தொடாம தள்ளி நிக்கணும், நல்ல எண்ணத்துல கயிறைப் பிடிச்சு இழுத்து பிரேக் குடுக்கிற பழக்கம் இருக்கும் சிலருக்கு, அந்த இழுப்பும் பைக்குத்தான் போகும்.

பையைக் கீழ எடுக்கிறது

எல்லாரும் கீழ வந்ததும் உடனே இழுக்காதீங்க. முன்னாடி அடுத்த இறக்கம் என்ன, போகுற வழி சரியா இருக்கா, யாருக்காவது மேல எதாவது விட்டுப்போச்சான்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க. இழுத்துட்டா திரும்பி ஏற முடியாது, குறிப்பா ஏறிவர முடியாத ஆழக் குழி முன்னாடி இருக்கிற கேன்யன்ல இது பெரிய முடிவு.

இப்ப எல்லாரும் விழுற கோட்டுலேந்து விலகி ஒரு பக்கமா நின்னு, ராப்பல் கயிறை சும்மா விட்டுட்டு, இழுகயிறை மட்டும் ரெண்டு பேர் சேந்து அழுத்தமா, ஒரே இழுப்பா, நிறுத்தாம இழுங்க. மொதல்ல கனமா இருக்கும், விளிம்பு உராய்வு இப்ப உங்களுக்கு எதிரா வேலை செய்யுது. அப்புறம் மேலேந்து தண்ணி கொட்டுற சத்தம் கேக்கும், கயிறு லேசாகும், விளிம்பு வழியா அருவி மாதிரி ஒரு ஊத்து ஊத்தும். அது நிக்கிற வரைக்கும் பொறுத்து, தண்ணி முழுசா வடிஞ்சப்புறம், ரெண்டு கயிறையும் சேத்து மெதுவா கொண்டு வாங்க. காரபினரும் பையோட சேந்துதான் வரும், பை விழும்போது நிமிந்து வாயைப் பிளந்து பாக்காதீங்க.

கொட்டலன்னா? மொதல்ல இழுக்கிற கோணத்தை மாத்துங்க, இன்னும் தள்ளிப் போய், இல்ல சுவர் ஓரமா எதிர்ப்பக்கம் போய் இழுங்க. கயிறைச் சுண்டி அலை மாதிரி ஒண்ணு ரெண்டு அனுப்பிப் பாருங்க, சின்ன சிக்கல்னா விடுபடும். அதுலயும் வரலன்னா கயிறை விட்டுட்டுப் போக வேண்டியதுதான், மாட்டின கயிறுல மட்டும் எக்காரணம் கொண்டும் ஏறாதீங்க, அந்த இழுகயிறுல நீங்க தொங்கின நிமிஷம் அதுவரைக்கும் கவுறாத பை கவுந்தாலும் கவுரும். இதுக்காகத்தான் இந்த ஆங்கர் போடற கேன்யனுக்கெல்லாம் மீதி இறக்கங்களுக்குப் போதுமான இன்னொரு கயிறு செட் தனியா இருக்கணும், அது முன்னாடி போன ஆளோட பேக்ல கீழ இருக்கணும், மேல இல்ல.

பை வந்ததும் அங்கேயே உள்பக்கம் வெளிய தெரியிற மாதிரி புரட்டி, ஒட்டின மண்ணையும் பூச்சியையும் அதே கேன்யன் தண்ணியில அலசி விட்டுடுங்க. தையல் ஓரத்தை விரலால தடவிப் பாருங்க, பாறையில உரசின எடம் சொரசொரன்னு இருந்தா குறிச்சு வச்சுக்கோங்க. வீட்டுக்கு வந்து நல்ல தண்ணியில கழுவி நெழல்ல முழுசாக் காய வைக்கணும், ஈரத்தோட சுருட்டி வச்சா பூச்சு உரிஞ்சிடும், அதோட ஒரு சுனையோட உயிரை இன்னொரு சுனைக்குக் கொண்டு போய் விட்ட மாதிரியும் ஆயிடும். காஞ்சப்புறம் ஒரு தடவை வாசல்ல ரொப்பி வச்சு பத்து நிமிஷம் பாத்துட்டுத்தான் நான் அடுத்த தடவைக்கு பேக்ல மடிச்சு வைப்பேன்.